திரைக்குக் கீழே தெரியும் கால்கள்

ஆற்காடு, ஆரணி, போளூர், செய்யாறு என்று விரிந்து கிடந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில், அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாள் ஓடும். அந்தக் கூத்தில் கட்டை வேஷம், அதாவது மரத்தாலான கிரீடமும் தோள் அணிகளும், கட்டியவர் எவரும் நேராக வந்து சபையில் நிற்பதில்லை. இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிக்க, அதற்குப் பின்னால் நின்றபடிதான் துரியோதனன் தன் வருகையைப் பாடுவான். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால்கள் தெரியும், முகம் தெரியாது. முகவீணை கீச்சிட்டு மத்தளம் வேகமெடுக்கும்போது துணி ஒரு பக்கமாக அசைந்து, தோளில் கட்டிய ஒரு புஜக்கட்டை மின்னி மறையும். முன்வரிசையில் சாக்கு விரித்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்த பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்துவிடும். வருவது துரியோதனன் என்று அங்கே உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். கடைசி நாள் காலை அவன் படுகளத்தில் தொடை பிளந்து சாவான் என்பதும் தெரியும். இத்தனையும் தெரிந்த கூட்டம், துணி விலகும் அந்த நொடிவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

த்ரில்லர் படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி, ‘கடைசியில் ட்விஸ்ட் எப்படி?’ என்பதுதான். திருப்பம் நன்றாக இருந்தால் படம் நன்றாக இருந்ததாகவும், முன்பே ஊகித்துவிட்டால் படம் தோற்றுவிட்டதாகவும் ஒரு கணக்கு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. முடிவு தெரிந்த கதைக்கு விடிய விடிய உட்காரும் கூத்துச் சபையின் முன் இந்தக் கணக்கு நிற்பதில்லை. த்ரில்லர் இயக்குநரின் முதன்மையான வேலை ஒரு ரகசியத்தைப் பொத்திவைப்பது என்று நான் நினைக்கவில்லை. எந்தத் தகவல் யாருக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்று பங்கிடுவதே அவருடைய வேலை. நாயகனுக்கு என்ன தெரியும், எதிரிக்கு என்ன தெரியும், நாற்காலியில் இருக்கும் நமக்கு என்ன தெரியும் என்ற மூன்று கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கும்வரை படம் உயிரோடு இருக்கும். மூன்றும் ஒன்றாகிவிட்ட காட்சியில் பார்வையாளர் செல்போனை எடுத்துவிடுவார்.

நம் ஊர்ச் சுவரொட்டிகள் மர்மம், திகில், துப்பறியும் கதை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். பிரித்துப் பார்க்க இந்தப் பங்கீடு போதும். துப்பறியும் கதையில் கொலைகாரனைவிடவும், பல சமயம் துப்பறிபவரைவிடவும் நமக்குக் குறைவாகவே தெரியும், அதனால் நாம் யோசிக்கிறோம். த்ரில்லரில் நாயகனுக்குத் தெரிந்த அளவோ அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவோ நமக்குத் தெரியும், அதனால் நாம் தவிக்கிறோம்.

இதை எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவைத்தவர் த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுக்கு அவர் அளித்த நீண்ட நேர்காணல் 1966இல் நூலாக வந்தது. மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருக்கும் உதாரணம் அதில்தான் இருக்கிறது. அதை வேலூருக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடையில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து, இந்த வருஷமாவது பாலாற்றில் தண்ணீர் வருமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. நாம் திடுக்கிடுகிறோம், பதினைந்து நொடியில் அது அடங்கிவிடுகிறது. அதே காட்சியில், பெஞ்சுக்கு அடியில் ஒருவன் பையை வைத்துவிட்டுப் போனதையும், மூன்று மணிக்கு அது வெடிக்கும் என்பதையும், கல்லாவுக்கு மேலே உள்ள கடிகாரத்தில் மணி மூன்றுக்குப் பத்து என்பதையும் நமக்கு மட்டும் முன்பே காட்டிவிட்டால், பாலாற்றுப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் நம்மை வதைக்கும். ஒருவர் பாக்கிச் சில்லறையை வாங்கிக்கொண்டு எழுகிறார், ‘அப்பாடா’ என்கிறோம். மற்றவர் கையைப் பிடித்து இழுத்து ‘இன்னொரு டீ சாப்பிட்டுப் போண்ணா’ என்கிறார். வசனத்தில் அச்சம் துளியும் இல்லை. ஆனாலும் திரையை நோக்கிக் கத்தவேண்டும் போலிருக்கிறது. அதிர்ச்சி, தவிப்பு என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான், ஆனால் ஒரு திரைக்கதை முழுவதும் இதன் மேல் நிற்கிறது.

இந்தக் கோட்பாட்டைத் தமிழில் முழுநீளப் படமாகவே எடுத்துப் பார்த்தவர் எஸ். பாலசந்தர். 1964இல் வந்த அவருடைய ‘பொம்மை’யில், ஒருவரைக் கொல்வதற்காக வெடிகுண்டு வைக்கப்பட்ட பொம்மை, குறி தப்பி, ஒன்றும் அறியாதவர்களிடம் கைமாறிக் கைமாறிப் போகிறது. குண்டு இருப்பது நமக்குத் தெரியும், அதைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியாது. இதே ஆட்டத்தை ஹிட்ச்காக் 1936இலேயே ஆடி, தோற்றும் இருந்தார். ‘சபோடாஜ்’ படத்தில், குண்டு இருக்கும் பொட்டலத்தை அறியாமல் சுமந்து போகும் சிறுவனைப் பேருந்தில் ஏற்றி, வழிநெடுகத் தாமதப்படுத்தி, கடைசியில் வெடித்தும் விடவைத்தார். பார்வையாளர்கள் அதை ஏற்கவில்லை, அது தன் தவறு என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். இதில் ஒரு வினோதமான நியாயம் இருக்கிறது. நம்மைப் பல நிமிடங்கள் தவிக்கவைத்தவர் நமக்கு ஒரு கடன் பட்டுவிடுகிறார். அவ்வளவு நேரம் தவித்த பிறகு குழந்தை செத்தால், படம் நம்மை ஏமாற்றிவிட்டதாக உடம்பே உணர்கிறது. முன்னறிவிப்பே இல்லாமல் ஒருவரைச் சாகடித்தால் நாம் மன்னித்துவிடுவோம்.

தவிப்பை நீட்டுவதற்குச் சினிமா கண்டுபிடித்த மிகப் பழைய வழி, இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டுவது. நம் எடிட்டிங் அறைகளில் இதை ‘இன்டர்கட்’ என்பார்கள். பேசாத படக் காலத்திலேயே இது முழு வளர்ச்சி அடைந்துவிட்டது. 1913இல் லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநர் தன் கணவரோடு சேர்ந்து எடுத்த ‘சஸ்பென்ஸ்’ என்ற குறும்படத்தில், தனியாக இருக்கும் மனைவி, வீட்டுக்குள் நுழையும் திருடன், தொலைபேசியில் அதைக் கேட்கும் கணவன் ஆகிய மூவரையும் மாற்றிக் காட்டுவதோடு நில்லாமல், திரையை மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் காட்டுகிறார்கள்.

இன்டர்கட்டைப் பற்றிப் பாடநூல்கள் வேகத்தைத்தான் பேசுகின்றன. அது பக்கச்சார்பை உண்டாக்கும் கருவி என்பதைப் புரிந்துகொள்ள வேலூர்க் கோட்டைக்கு வரவேண்டும். 1806 ஜூலை 10 அன்று விடிவதற்கு முன் கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயர் மேல் பாய்ந்து கோட்டையைப் பிடித்தார்கள், மைசூர்க் கொடியும் ஏறியது. செய்தி சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஆற்காட்டுக் குதிரைப்படை முகாமுக்குப் போக, கர்னல் கில்லெஸ்பி படையோடு விரைந்து வந்து அன்று காலையிலேயே கோட்டையை மீட்டார், நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். இதைப் படமாக எடுக்கும் இயக்குநர் கேமராவை எங்கே முதலில் வைக்கிறார் என்று பாருங்கள். கோட்டைச் சுவரோரம் குண்டு தீர்ந்து பதுங்கியிருக்கும் வெள்ளைக்காரச் சிப்பாயையும் ஆற்காட்டுச் சாலையில் பறந்துவரும் குதிரைகளையும் மாற்றி மாற்றிக் காட்டினால், அரங்கம் தன்னை அறியாமல் கில்லெஸ்பி சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று விரும்பும். கோட்டைக்குள் வெற்றிக் களிப்பில் வாயில்களைச் சரியாகக் காக்காமல் விட்ட சிப்பாய்களையும் அதே குதிரைகளையும் மாற்றிக் காட்டினால், அதே குளம்புச் சத்தம் எமன் வரும் சத்தமாகக் கேட்கும். நிகழ்ச்சி மாறவில்லை, வரலாறு மாறவில்லை, துண்டுகளின் வரிசை மட்டுமே மாறியிருக்கிறது. போலீஸ் படங்களில் கதவை உடைக்க ஓடும் அதிகாரியோடு நாம் சேர்ந்து ஓடுவதும், அவர் உடைப்பது யாருடைய கதவு என்று கேட்க மறந்துவிடுவதும் இந்த வரிசையால்தான்.

அந்தக் கோட்டையே இன்னொரு உதாரணமும் தருகிறது. 1995 ஆகஸ்டில், கோட்டைக்குள் திப்பு மகாலில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிப்போனார்கள். காலையில் கணக்கெடுக்கும் காவலரிடமிருந்து கதையைத் தொடங்கினால் அது மர்மப் படம், ‘எப்படி?’ என்ற கேள்வி நம்மை இழுத்துக்கொண்டு போகும். தோண்டிய மண்ணை எங்கே ஒளிப்பது என்று யோசிக்கும் ஒருவரிடமிருந்து தொடங்கினால் அது த்ரில்லர். கேள்வி ‘எப்போது மாட்டுவார்கள்?’ என்று மாறிவிடும். இரண்டாவது படத்தில் முடிவை முதல் ஃபிரேமிலேயே எழுத்தில் போட்டுவிட்டாலும் ஒன்றும் கெடாது. சிறைத் தப்பிப்புப் படங்களில் மண்தான் உண்மையான வில்லன் என்று எனக்கு எப்போதும் தோன்றும். காவலரை ஏமாற்றிவிடலாம், குவிந்த மண் பொய் சொல்லாது.

கூத்துத் துணியின் தத்துவத்துக்கு வருவோம். பாதியை மறைத்தால் மீதியைப் பார்க்கிறவரின் மனமே வரைந்துகொள்ளும். ஃபிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த ‘எம்’ படத்தில் ஒரு சிறுமி கொல்லப்படுவதை நாம் பார்ப்பதே இல்லை. அவள் விளையாடிய பந்து புதரிலிருந்து உருண்டு வந்து நிற்கிறது, அவளுக்கு வாங்கித் தந்த பலூன் தொலைபேசிக் கம்பியில் சிக்கித் தவிக்கிறது, வீட்டில் சாப்பாட்டுத் தட்டு காலியாக இருக்கிறது. கொலைகாரன் வருவதை அவன் அடிக்கும் சீழ்க்கை ஒன்றே சொல்கிறது, கடைசியில் அவனைக் காட்டிக்கொடுப்பதும் அதே சீழ்க்கைதான். அடையாளம் காண்பவர் பார்வையற்ற பலூன் வியாபாரி. ஒலி சினிமாவுக்குள் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் இதைச் செய்திருக்கிறார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ரத்தத்தைக் குளோசப்பில் காட்டினால்தான் பயம் வரும் என்று நம்புகிற படங்கள் வாரம் ஒன்று வருகின்றன.

ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த உத்திகள் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்பது தெரியும். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறச் சந்துகளில், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும், அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். அப்படியொரு அறையில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள், கணவர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருக்கிறார், ஆபரேஷனுக்குக் கட்டவேண்டிய பணம் கட்டிலுக்கு அடியில் சூட்கேசில் இருக்கிறது. அவளுக்குத் தமிழ் தெரியாது. நாம் காலையிலேயே பார்த்துவிட்டோம், கீழே ரிசப்ஷனில் சாவி மாட்டும் பலகையில் இந்த அறையின் எண்ணுக்குக் கீழே இருந்த இரண்டாவது சாவி இப்போது இல்லை. இரவு, அவள் குக்கரை அடுப்பில் வைக்கிறாள். கேமரா அவள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, ஆகவே பின்னால் உள்ள கதவும் அதன் அடியில் விரலளவு வெளிச்சக் கோடும் ஃபிரேமில் இருக்கின்றன. வெளிச்சக் கோட்டின் நடுவே இரண்டு நிழல்கள் வந்து நிற்கின்றன. அவை கால்கள்.

இந்த இடத்தில் அனுபவமில்லாத இயக்குநர் செய்யும் முதல் காரியம் ‘டங்’ என்று ஒரு இசையைப் போட்டு, நிழலைக் குளோசப்பில் காட்டுவது. அப்படிச் செய்தவுடன் நிழல் அவர் கண்டுபிடித்துத் தந்ததாகிவிடும். ஷாட்டை வெட்டாமல், இசையும் இல்லாமல் அப்படியே விட்டால், அரங்கில் ஒரு மூலையில் ஒருவர் முதலில் கவனித்து ‘ஏய்’ என்பார், பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார், பயம் வரிசை வரிசையாகப் பரவும். குக்கரில் ஆவி ஏறும் சத்தம் இருக்கிறது, அது விசில் அடித்தால் சாவி திரும்பும் சத்தம் அதில் மூழ்கிவிடும் என்பது நமக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் எந்த வீட்டுப் பார்வையாளருக்கும் குக்கர் எப்போது விசில் அடிக்கும் என்பது உடம்பிலேயே பதிந்திருப்பதால், சுவர்க்கடிகாரத்தின் வேலையை இங்கே குக்கரே பார்த்துவிடுகிறது. இந்தச் சமயத்தில் மின்சாரம் போனால்? வெளிச்சக் கோடு மறையும், கால்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதே தெரியாமல் போகும். இருப்பதாகத் தெரிந்த ஆபத்தைவிட, இருந்த இடத்தில் இப்போது காணாமல் போன ஆபத்து கூடுதலாக அச்சுறுத்தும்.

இசையை விலக்குவது பற்றிச் சொன்னதற்கு நேர் எதிரான சாட்சியும் உண்டு. 1960இல் வந்த ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து எழுதியதைக் கேட்ட பிறகு மனம் மாறினார். ஏழு நாள் படமாக்கிய அந்தச் சில நொடிகளில் கத்தி உடலைத் துளைப்பதைக் கண் பார்ப்பதைவிட, வயலின்கள் கீறுவதைக் காதுதான் அதிகம் பார்க்கிறது. ஹெர்மனின் இசை கொலையாளி குளியலறைத் திரையை விலக்கும் நொடியில்தான் வருகிறது, முன்கூட்டி எச்சரிப்பதில்லை. நம் படங்களில் ஆர்.ஆர். என்கிற பின்னணி இசை பெரும்பாலும் ஆபத்துக்கு முன்னால் ஓடிவந்து கதவைத் திறந்துவிடுகிறது.

தடயம் வைக்கும் கலையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பார்வையாளர் பார்த்தும் கவனிக்காமல் விட்ட ஒன்றால் திருப்பம் நடந்தால் அவர் தன்னையே நொந்துகொள்வார், அவருக்குக் காட்டவே காட்டாத ஒன்றால் நடந்தால் இயக்குநரை நோவார். அதனால் தடயத்தை வேறொரு காரணத்துக்குள் ஒளித்துவைக்கிறார்கள். நகைச்சுவை வசனத்துக்குள் போட்ட தகவலை யாரும் சந்தேகிப்பதில்லை. 1954இல் பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ இன்னொரு வழியைக் காட்டியது. சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாளையொட்டி ஒரு ரேடியோ இன்ஜினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார், விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் கதை சொல்கிறார்கள், ஒவ்வொன்றும் நம்பும்படி இருக்கிறது. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் அது. ஃபிளாஷ்பேக்கில் பார்ப்பதை நடந்த உண்மையாகவே எடுத்துக்கொள்ளும் நம் பழக்கத்தையே அது தடயம் ஒளிக்கும் இடமாக்கிக்கொண்டது.

இதோடு ஒப்பிட்டால், அண்மைக்கால சீரியல் கில்லர் படங்களில் வரும் ஃபிளாஷ்பேக் எனக்குச் சலிப்பைத் தருகிறது. கொலையாளி பிடிபடுவதற்குச் சற்று முன் அவனுடைய சிறுவயதுக்குப் போய், பள்ளியில் கேலி செய்தார்கள், உடலில் ஒரு குறை இருந்தது, ஆகவே கொலைகாரன் ஆனான் என்று இருபது நிமிடம் விளக்கம் சொல்கிறார்கள். தவிப்பு உச்சத்தில் இருக்கும்போது கடிகாரத்தை நிறுத்துவது கைவேலைக் குறை. உடல் ஊனத்தையும் மனநோயையும் பாலின வேறுபாட்டையும் கொலைக்கான காரணமாகக் காட்டுவது அதைவிடப் பெரிய குறை. வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மனநலச் சிகிச்சைக்குப் பல மாநிலத்தவரும் வந்து போகிற ஊரில் இருந்துகொண்டு இந்தப் படங்களைப் பார்க்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மரபுகள் காலத்தோடு மாறத்தான் வேண்டியிருக்கிறது. செல்போன் வந்தபின் ‘சொல்வதற்குள் செத்துப்போனான்’ என்ற பழைய முடிச்சு அவிழ்ந்துவிட்டது. எழுத்தாளர்கள் சிக்னலைப் பிடுங்கவோ பேட்டரியைத் தீர்க்கவோ வேண்டியிருக்கிறது. ஜவ்வாது மலைக் காட்டில் சிக்னல் இல்லை என்றால் நம்பலாம், காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் இல்லை என்றால் சிரிப்புதான் வரும். சிசிடிவியும் டவர் லொகேஷனும் துப்பறிபவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டன. சட்டமும் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. சந்தேக மரணத்துக்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194 வந்துவிட்டது. ‘முன்னூத்தி ரெண்டு’ என்று இன்ஸ்பெக்டர் சொல்லும்போது அரங்கில் விழுந்த கனம் ‘நூத்தி மூணு’க்கு வர எத்தனை படங்கள் ஆகும் என்று தெரியவில்லை. இருட்டில் கொலையாளி சிகரெட்டைப் பற்றவைத்தவுடன் மூலையில் பளிச்சென்று எழுத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றி அவன் அங்கே இருப்பதைக் காட்டிக்கொடுப்பதையும் இயக்குநர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பொதுநலத்துக்கு என்றால் சரி.

ஹாலிவுட் த்ரில்லரிலிருந்து நம் த்ரில்லரை உண்மையில் பிரிப்பது பாட்டு என்றுதான் பலரும் சொல்வார்கள். 1995இல் ‘குருதிப்புனல்’, 2019இல் ‘கைதி’ என்று பாட்டில்லாத படங்கள் ஓடிவிட்டதால் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. தேயாமல் இருப்பது இடைவேளை. இரண்டு மணி நேரத் தவிப்பை ஒரே மூச்சில் ஏற்றிக்கொண்டு போக அங்கே முடியும். இங்கே நடுவில் விளக்கைப் போட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பி, திரும்ப உட்காரவைத்து, விட்ட இடத்தில் பிடிக்க வேண்டும். அதனால் ‘இன்டர்வல் பிளாக்’ என்பது தமிழ்த் திரைக்கதையில் தனியே உட்கார்ந்து செதுக்கப்படும் பகுதி. அதில் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும், அந்தப் பதிலே அதைவிடப் பெரிய கேள்வியாக இருக்க வேண்டும். வெறும் அதிர்ச்சியோடு விளக்கைப் போட்டால் பாப்கார்ன் வரிசையிலேயே அது ஆறிவிடும். தவறான ஒருவர்மேல் சந்தேகத்தை ஏற்றி அனுப்பினால், சத்துவாச்சாரியிலிருந்து குடும்பத்தோடு வந்தவரும் கல்லூரி விடுதியிலிருந்து வந்த பையன்களும் சமோசா தின்றபடியே அந்தச் சந்தேகத்தை வளர்த்து, உறுதியாக்கி, பந்தயம் கட்டி உள்ளே கொண்டுவருவார்கள். இயக்குநர் செலவில்லாமல் பத்து நிமிடத் திரைக்கதையைப் பார்வையாளர்களை வைத்தே எழுதிக்கொள்கிறார்.

அதே படத்தை வீட்டில் ஓடிடியில் பார்க்கும்போதும் அந்த இடத்தில் ‘இடைவேளை’ என்ற எழுத்து வருகிறது. இரண்டு நொடி நிற்கிறது, அடுத்த காட்சி ஓடத் தொடங்கிவிடுகிறது. தவறான ஆளைச் சந்தேகிப்பதற்கு நமக்குக் கொடுக்கப்பட்டிருந்த பத்து நிமிடம் அங்கே இல்லை, யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து ரிமோட்டைத் தேடினால்தான் உண்டு.